பளபளக்கும் மரத்தரை: தேய்த்தது யாருடைய கால்?

(ஒலிபரப்பான அத்தியாயத்தின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்குக் கதை ஒரு வாளித் தண்ணியில ஆரம்பிக்குது.

சில வருஷங்களுக்கு முன்னாடி, கும்பகோணத்திலிருந்து அம்மா டொராண்டோவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாங்க. நாங்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஹால் முழுக்க ஓக் மரத்தரை. அம்மா வந்த முதல் வெள்ளிக்கிழமை, நான் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு, வீட்டைக் கழுவிவிட்டுட்டாங்க. வெள்ளிக்கிழமைன்னா வீடு கழுவணும், அவ்வளவுதான் அவங்க கணக்கு. எங்க ஊர் வீட்டுல சிவப்பு ஆக்சைடு தரை. வாளித் தண்ணியை ஊத்தி, தென்னந்துடைப்பத்தால தள்ளினா முற்றத்து மடை வழியா போயிடும். இங்கே மடை ஏது? துணியால் ஒற்றி ஒற்றிப் பிழிந்து எடுத்திருக்கிறார்கள். முட்டி வலியோடு, ஒரு மணி நேரம்.

சாயங்காலம் பார்த்தப்ப தரை பளிச்சுன்னு இருந்தது. மூன்றாம் நாள் காலையில் வெறுங்காலோடு நடந்தபோதுதான் தெரிந்தது: ஒவ்வொரு பலகையும் இரண்டு ஓரமும் எழும்பி, நடுவில் பள்ளமாகக் கிடந்தது. நான் கொஞ்சம் சத்தமாகவே பேசிட்டேன். அம்மா பதிலுக்குக் கோபப்படல. ஒரு கேள்வி மட்டும் கேட்டாங்க: "தண்ணி பட்டா கெட்டுப்போற தரையை மனுஷன் எதுக்குடா வீட்டுக்குள்ள போட்டான்? அந்தக் காலத்துல இதை எப்படித்தான் சுத்தம் பண்ணினாங்க?"

எனக்கு அன்னைக்குப் பதில் தெரியல. அப்புறம் தேடிப் படிச்சேன். அந்தப் பதில்தான் இந்த எபிசோட்.

தண்ணீருக்குப் பயந்து வந்த மரம்

முதலில் மரத்தைப் பற்றி ஒரு விஷயம். மரம் வெட்டி, அறுத்து, ஆணி அடித்த பிறகும் காற்றிலிருக்கும் ஈரத்தை வாங்கும், விடும். ஈரம் வாங்கினால் அகலவாக்கில் உப்பும். நீளவாக்கில் அனேகமாக மாறாது. பலகையின் மேற்பக்கத்தில் பூச்சு இருக்கிறது, அடிப்பக்கத்தில் கிடையாது. ஊற்றிய தண்ணீர் இடுக்கு வழியாக அடியில் இறங்கினால், அடிப்பக்கம் மட்டும் உப்பும், ஓரங்கள் மேலே எழும்பும். எங்க வீட்டுல நடந்தது இதுதான்.

அப்படியானால் இதை ஏன் போட்டார்கள்? குளிர்நாடுகளில் முதல் காரணம் எளிது. கல்லை மிதித்தால் கால் சில்லிடும், மரம் அப்படிச் சில்லிடாது. காடும் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் பிரான்சில், வெர்சாய் அரண்மனையில், இன்னொரு காரணமும் சேர்ந்தது. அதைப் படிச்சப்ப எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு.

பதினான்காம் லூயி மன்னரின் அந்த அரண்மனையில் பல அறைகளில் முதலில் சலவைக்கல் தரைதான். அதை ஓயாமல் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டியிருந்தது. அந்தத் தண்ணீர் கசிந்து, தரையைத் தாங்கி நின்ற மர உத்திரங்களை உளுக்க வைத்தது. அதனால் 1684-ல் கல்லை எடுத்துவிட்டு, ஓக் துண்டுகளைச் சதுரம் சதுரமாகப் பின்னி இணைத்த மரத்தரை போடத் தொடங்கினார்கள். அந்தப் பின்னலுக்கு இன்றைக்கும் 'வெர்சாய் பார்க்கே' என்றுதான் பெயர்.

பாருங்க, அம்மாவோட கேள்வி அப்படியே தலைகீழாகுது. அந்த அரண்மனையில மரத்தரை வந்ததே தண்ணி ஊத்திக் கழுவுறதை நிறுத்துறதுக்குத்தான்!

காலில் கட்டிய தூரிகை

சரி, தண்ணீர் இல்லாமல் எப்படிச் சுத்தம் செய்வது? பிரெஞ்சுக்காரர்கள் கண்ட வழி தேன்மெழுகு. மரத்தின் நுண்துளைகளை மெழுகு அடைத்துவிடும். தூசி உள்ளே போகாமல் மேலேயே நிற்கும், பெருக்கித் தள்ளிவிடலாம். ஆனால் மெழுகைப் பூசினால் மட்டும் போதாது. பிசுபிசுவென்று இருக்கும், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அழுத்தித் தேய்த்து, உரசலில் வரும் சூட்டில் அது இளகிப் படிந்தால்தான் பளபளப்பு வரும்.

அந்தத் தேய்ப்புக்கென்றே ஒரு தொழில் உண்டாயிற்று. 'ஃப்ரொத்தேர்' என்று பெயர். தேய்ப்பவர் என்று அர்த்தம். வசதியான வீடுகளுக்கு இவர்கள் வருவார்கள். ஒரு காலில் கனமான தூரிகையைக் கட்டிக்கொண்டு, அந்தக் காலை முன்னும் பின்னும் வீசி அறை முழுக்கத் தேய்ப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் நடனம் மாதிரி இருக்கும். ஒரு பெரிய வரவேற்பறையை அப்படித் தேய்த்து முடித்தவருடைய தொடையையும் இடுப்பையும் கேட்டால்தான் அது நடனமா இல்லையா என்று தெரியும்.

இந்த இடத்துல கொஞ்சம் தள்ளிப் போய் பிலிப்பைன்ஸைப் பார்த்துட்டு வரலாம். ஏன்னா அங்கே இதே வேலையை நமக்கு ரொம்பத் தெரிஞ்ச ஒரு பொருளை வச்சுச் செஞ்சாங்க.

ஸ்பானியர் ஆட்சிக்காலத்தில் மணிலா போன்ற ஊர்களில் 'பஹாய் நா பாதோ' என்ற வகை வீடுகள் கட்டப்பட்டன. கீழ்த்தளம் கல், மேல்தளம் மரம். தரைக்கு 'நாரா' என்ற மரத்தின் அகலமான பலகைகள். நாரா வேறு யாரும் இல்லை, நம் வேங்கை மரத்துக்குப் பங்காளிதான். இரண்டும் ஒரே பேரினம். அந்தத் தரைக்குப் பளபளப்பு ஏற்ற வாழையிலையால் தேய்த்தார்கள். வாழையிலையில் தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் மேல் இயற்கையாகவே ஒரு மெழுகுப் படலம் இருக்கிறது. அதற்கப்புறம் வந்தது 'புனோட்'. அதாவது பாதியாக வெட்டிய தேங்காய் மட்டை. நார்ப் பக்கத்தைக் கீழே வைத்து, மேலே ஒரு காலை ஊன்றி, இடுப்பை அசைத்து அசைத்துத் தேய்ப்பது. இன்றைக்கும் பிலிப்பைன்ஸ் வீடுகளில் புனோட்டைப் பார்க்கலாம். பாரிசில் தூரிகை, மணிலாவில் தேங்காய் மட்டை. கால் அசைவு மட்டும் ஒன்றுதான்.

ஒரு நோயின் பெயர்

எல்லா ஊரிலும் நின்றபடி தேய்க்கவில்லை. இங்கிலாந்திலும் அமெரிக்காவின் பழைய குடியேற்றங்களிலும் 18-ஆம் நூற்றாண்டில் பெரும்பாலான வீடுகளில் மரத்தரைக்கு மெழுகோ வார்னிஷோ கிடையாது. வெறும் பலகை. அதை மணலும் சாம்பல் காரமும் போட்டுத் தேய்த்து வெளுப்பாக வைத்திருந்தார்கள். வெளுத்த பலகைதான் ஒழுங்கான குடும்பத்துக்கு அடையாளம். நியூ இங்கிலாந்துப் பகுதியில் வரவேற்பறைத் தரையில் மெல்லிய மணலைத் தூவி, துடைப்பத்தால் அதில் கோலம் மாதிரி வரிவரியாக வடிவங்கள் போடும் வழக்கமும் இருந்தது. சிந்தும் எண்ணெயையும் அழுக்கையும் மணல் வாங்கிக்கொள்ளும். பிறகு கூட்டி எடுத்துவிட்டுப் புது மணல்.

இந்தத் தேய்ப்பு முழுக்க மண்டியிட்டுச் செய்யும் வேலை. பெரிய வீடுகளில் இதைச் செய்தது இளம் வேலைக்காரப் பெண்கள். முழங்கால் சில்லுக்கு முன்னால் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு சிறிய நீர்ப்பை இருக்கிறது. தினமும் கடினமான தரையில் மண்டியிட்டால் அது வீங்கும். ஆங்கில மருத்துவத்தில் அந்த வீக்கத்துக்கு வைத்த பெயர் 'ஹவுஸ்மெய்ட்ஸ் நீ'; நம் மொழியில் சொன்னால் 'வேலைக்காரி முழங்கால்'. மருத்துவர்கள் இன்னைக்கும் அந்தப் பெயரைச் சொல்றாங்க. எத்தனை பெண்களுக்கு வந்திருந்தால் ஒரு நோய்க்கு அந்த வேலையின் பெயரே வந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க.

மண்டியிட்ட ஆண்களும் உண்டு. 1875-ல் குஸ்தாவ் காய்பொத் என்ற ஓவியர், 'தரை இழைப்பவர்கள்' என்ற ஓவியத்தை வரைந்தார். பாரிசில் ஒரு வசதியான வீட்டின் காலி அறை. ஜன்னல் வழியாக வெளிச்சம் விழுகிறது. மேல்சட்டை இல்லாமல் மூன்று பேர் மண்டியிட்டு, தரையைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்கள். சுற்றிலும் சுருள் சுருளாக மரச்சீவல். ஓரத்தில் ஒரு மதுப்புட்டி, ஒரு கண்ணாடிக் கோப்பை. அரசு ஆதரவில் நடந்த சலோன் கண்காட்சியின் நடுவர்கள் இதை ஏற்க மறுத்துவிட்டார்கள். வயலில் வேலை செய்யும் விவசாயியை வரையலாம், அதற்கு முன்மாதிரி இருந்தது. நகரத்துக் கூலித் தொழிலாளியை இப்படி நேருக்கு நேர் வரைவது அவர்களுக்குக் கொச்சையாகப் பட்டது. அடுத்த ஆண்டு, 1876-ல், இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களின் இரண்டாவது கண்காட்சியில் காய்பொத் அதை வைத்தார். இப்போது பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தரை பளபளக்கும் விருந்து அறைகளை வரைந்த ஓவியர்கள் நிறையப் பேர். அந்தப் பளபளப்புக்கு முந்தின நாளை வரைந்தவர் இவர்.

வானொலிக்கு வந்த மெழுகு

இங்கிருந்து கதை அமெரிக்காவுக்குப் போகுது. 1880-களில் பலகையின் ஒரு ஓரத்தில் நாக்கும் மறு ஓரத்தில் பள்ளமும் வெட்டித் தரும் இயந்திரங்கள் வந்தன. ஒன்றோடொன்று கச்சிதமாகக் கோத்துக்கொள்ளும் கடினமரப் பலகைகள் ஆலையிலிருந்து மலிவாகக் கிடைக்க ஆரம்பித்தன. அரண்மனைத் தரை நடுத்தர வீட்டுக்கு வந்தது.

1886-ல் விஸ்கான்சின் மாநிலத்தின் ரசீன் நகரில் சாமுவேல் கர்டிஸ் ஜான்சன் என்பவர், ஒரு நிறுவனத்தின் மரத்தரைப் பிரிவை விலைக்கு வாங்கினார். தரை வாங்கிப் போட்டவர்கள் திரும்ப வந்து கேட்டது ஒரே கேள்வி: இதை எப்படிப் பராமரிப்பது? அதே எங்கம்மா கேள்விதான்! ஐரோப்பாவின் பழைய மாளிகைகளில் தரைக்கு மெழுகு பூசும் வழக்கத்தை அறிந்து, ஜான்சன் தானே ஒரு மெழுகுக் கலவை தயாரித்து விற்கத் தொடங்கினார். 1898 வாக்கில் தரையைவிட மெழுகு முதலான பொருட்களின் விற்பனை அதிகமாகிவிட்டது. 1917-ல் தரை வியாபாரத்தையே விட்டுவிட்டார்கள். எஸ்.சி. ஜான்சன் என்று இன்று உலகம் முழுக்க இருக்கும் நிறுவனத்தின் தொடக்கம் இது.

நம்மளை மாதிரி ஒலி நிகழ்ச்சி நடத்துறவங்களுக்கு இதுல ஒரு தனிச் சுவாரசியம் இருக்கு. 1935-ல் அமெரிக்க வானொலியில் 'ஃபிப்பர் மெகீ அண்ட் மாலி' என்ற நகைச்சுவைத் தொடர் ஆரம்பமானது. அதை நடத்தக் காசு கொடுத்தது ஜான்சன் மெழுகு. அறிவிப்பாளர் கதைக்கு நடுவிலேயே ஒரு பாத்திரமாக நுழைந்து, பேச்சை எப்படியாவது தரை மெழுகுக்குக் கொண்டுவந்து சேர்ப்பார். கதாநாயகன் அவருக்கு 'வேக்ஸி' என்று பட்டப்பெயரே வைத்திருந்தான்.

அதே 1935-ல் ஜான்சனின் பேரன், நீரிலும் நிலத்திலும் இறங்கக்கூடிய ஒரு சிறு விமானத்தில் பிரேசிலின் ஃபோர்த்தலேசாவுக்குப் போனார். கார்னௌபா என்ற பனை வகையைத் தேடித்தான். அதன் ஓலைமேல் ஒரு மெழுகு படிகிறது. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும். கார்னௌபா மெழுகு 80 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும். அவ்வளவு கெட்டி. அதனால்தான் தரைக்கு அதைச் சேர்த்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது. பாரிசில் தேய்த்தவருக்குக் கூலி உண்டு, தொழிலுக்குப் பெயர் உண்டு. டப்பாவில் அடைத்த மெழுகு வந்த பிறகு, அந்த வேலை கூலி இல்லாத வேலையாக வீட்டுப் பெண்ணின் தலையில் வந்து விழுந்தது. அவளைச் சந்தோஷமாகத் தேய்க்க வைப்பதற்கு விளம்பரம் வந்தது.

அரக்கு: நம்ம பக்கத்துப் பங்கு

மெழுகோடு போட்டி போட்டது ஷெல்லாக். இது முழுக்க இந்தியக் கதை. புரசு, இலந்தை போன்ற மரங்களில் வாழும் ஒரு சின்னப் பூச்சி சுரக்கும் பிசின்தான் அரக்கு. பாண்டவர்களை எரிக்கக் கட்டிய அரக்கு மாளிகை ஞாபகம் இருக்குமே, அதே அரக்கு. சோட்டா நாக்பூர் காட்டுப்பகுதியில், இன்றைய ஜார்க்கண்டில், அது பெருமளவில் சேகரிக்கப்பட்டது. குச்சியிலிருந்து சுரண்டி, கழுவி, துணிப்பையில் அடைத்து நெருப்பில் உருக்குவார்கள். உருகி வரும் சூடான அரக்கைத் தொழிலாளி இரண்டு கை, இரண்டு கால் விரல்கள், பல் இத்தனையாலும் பிடித்து இழுத்து, கண்ணாடித் தாள் மாதிரி மெல்லிசாக விரிப்பார். அது காய்ந்து உடைந்தால் ஷெல்லாக் செதில். கல்கத்தா வழியாகக் கப்பலேறும். அமெரிக்காவில் அதை ஆல்கஹாலில் கரைத்துத் தரையில் பூசுவார்கள். பழைய கிராமபோன் இசைத்தட்டும் இதே பொருளில்தான் செய்யப்பட்டது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ல், அமெரிக்க அரசு ஷெல்லாக் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1937-ல், ஜெர்மனியில் ஓட்டோ பாயர் பாலியூரித்தேன் வேதியியலைக் கண்டுபிடித்திருந்தார். போருக்குப் பிந்தைய பத்து இருபது ஆண்டுகளில் அது தரைப் பூச்சாக வந்தது. ஒருமுறை பூசிக் காய்ந்தால் பிளாஸ்டிக் படலம் மாதிரி மேலே நிற்கும். மெழுகு வேண்டாம், தேய்ப்பு வேண்டாம், மண்டியிடவும் வேண்டாம். முந்நூறு வருஷமாகக் காலும் முட்டியும் செய்த வேலையை ஒரு டப்பா ரசாயனம் எடுத்துக்கொண்டது.

சரி, உங்க வீட்டுத் தரைக்கு என்ன செய்யணும்?

இந்த வரலாறு தெரிந்தால் பராமரிப்பு பாதி புரிந்துவிடும். மெழுகு, ஷெல்லாக், பாலியூரித்தேன் மூன்றுக்கும் மூன்று விதக் கவனிப்பு. ஒன்றுக்குச் செய்வதை இன்னொன்றுக்குச் செய்தால் வம்பு. பழைய வீடு வாங்கியவர்கள் முதலில் தங்கள் தரை எது என்று பார்க்க வேண்டும். அலமாரிக்குப் பின்னால், கண்ணில் படாத மூலையில் சோதித்துப் பாருங்கள். வெள்ளைத் துணியில் கொஞ்சம் மினரல் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தால், மஞ்சளாகவோ பழுப்பாகவோ ஒட்டிக்கொண்டு வந்தால் மெழுகு. ஒரு துளி ஆல்கஹால் வைத்ததும் பூச்சு பிசுபிசுத்தால் ஷெல்லாக். இரண்டுக்கும் அசையாமல் இருந்தால் அனேகமாகப் பாலியூரித்தேன்.

மெழுகுத் தரையும் ஷெல்லாக் தரையும் தண்ணீர் பட்டால் வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் பிடிக்கும். அவற்றுக்கு உலர்ந்த துடைப்புதான். மெழுகுத் தரை மங்கினால், கொஞ்சம் மெழுகு பூசித் தேய்த்தால் சரியாகும். பாலியூரித்தேன் தரைக்கோ மெழுகு கூடவே கூடாது. வழுக்கும், பின்னாளில் மேலே புதுப் பூச்சு பூச நினைத்தால் ஒட்டாது. எண்ணெய் சேர்ந்த சோப்புக்கும் அதே பிரச்சினைதான். வினிகர் நல்லதுன்னு நிறையப் பேர் சொல்றாங்க. அது அமிலம், நாளாக ஆகப் பூச்சை மங்க வைக்கும். நீராவித் துடைப்பான் பக்கமே போகாதீங்க. சூடும் ஈரமும் சேர்ந்து இடுக்குக்குள்ளே இறங்கும்.

பூச்சு எதுவானாலும் முதல் எதிரி மணல்தான். செருப்பில் ஒட்டி வரும் மணல் துகள், மிதிக்கும்போதெல்லாம் உப்புத்தாள் மாதிரி பூச்சைக் கீறும். அதனால் அடிக்கடி பெருக்குங்கள். துடைப்பதாக இருந்தால், கெட்டியாகப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் மரத்தின் இழையோட்டத்திலேயே துடையுங்கள். துடைத்த ஈரம் ஓரிரு நிமிஷத்துல தானா காஞ்சிடணும். நாற்காலிக் கால்களில் கம்பளித் துண்டு ஒட்டுங்கள். குளிர்காலத்தில் ஹீட்டர் காற்று வறண்டு பலகைகளுக்கு நடுவே இடைவெளி விழும். வீட்டின் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் மரம் அதிகம் ஆடாது.

என் மாதிரி தரை குழிஞ்சு போயிட்டா உடனே இழைக்க ஆள் கூப்பிடாதீங்க. ஈரம் இருக்கும்போதே ஓரங்களை இழைத்துச் சமப்படுத்தினால், காய்ந்த பிறகு ஓரம் இறங்கி நடு மேடாகிவிடும். நாங்கள் மின்விசிறியையும் ஈரம் உறிஞ்சும் கருவியையும் வைத்துவிட்டுக் காத்திருந்தோம். இரண்டு மாதத்தில் பெரும்பாலான பலகைகள் தாமாகவே படிந்துவிட்டன. சமையலறை ஓரமாக நாலைந்து மட்டும் இன்றும் லேசாகக் குழிந்திருக்கின்றன.

இதெல்லாம் படித்த பிறகு அம்மாவுக்கு போன் பண்ணினேன். வெர்சாய் கதையைச் சொன்னேன். சிரிச்சாங்க. "அப்ப ராஜா வீட்டுலயே தண்ணி ஊத்தித்தான் கெடுத்திருக்காங்க, என்னை மட்டும் சொல்றே"ன்னாங்க. இன்னொன்றும் சொன்னேன். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடும் அவங்க பழக்கம்தான், மரத்தரைக்கு யாரும் செய்யக்கூடிய நல்ல காரியங்களில் முதலாவது. அந்த ஒன்று இருந்தாலே பாதி மணல் உள்ளே வராது.

நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அன்றைக்கு மூன்றாம் நாள் காலையில் நான் பலகையைத்தான் குனிந்து பார்த்தேன். அதற்கு முன் ஒரு மணி நேரம் மண்டியிட்டுத் துணி பிழிந்த அம்மாவின் முட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த தடவை அவங்க வந்தப்ப, முதல் வெள்ளிக்கிழமை நான் லீவு போட்டேன். அம்மா சோபாவில் உட்கார்ந்து எப்படிப் பிழியணும்னு சொன்னாங்க. நான் துடைச்சேன்.

உங்கள் வீட்டில் தரை யார் துடைக்கிறார்கள், எப்படித் துடைக்கிறார்கள் என்று எழுதுங்கள். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.